ஒரே உலக முடிவுக்கு இரண்டு ரிக்கெற்

ரொறன்ரோவில் மேப்பிள் இலை சிவக்கிற நேரத்தில்தான் எனக்கு லீவு கிடைத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு, மகனோடு ஒக்டோபர் நடுவில் நுவரெலியா போனோம். பக்கத்து மலைமேல் இருக்கிற ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவையும், அதன் விளிம்பிலுள்ள உலக முடிவையும் (World's End) பார்க்கத்தான். சமவெளியை நான் பள்ளிக்கூடப் புவியியல் புத்தகத்தில் பார்த்ததோடு சரி.

தங்கிய விடுதியில், "ஆறுதலாச் சாப்பிட்டுட்டு எட்டு மணிக்குப் போனாப் போதும் சார்" என்றார்கள். வான் ஓட்டிய தம்பிதான் தலையைச் சொறிந்தார். "அஞ்சு மணிக்கே கிளம்பிடணும் அண்ணே. ஒம்பதுக்கு மேல பனிமூட்டம் ஏறிரும்." கூடக் காசு வாங்குகிறவர்களுக்குக் கூடத் தெரிந்திருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு. விடுதி சொன்னபடியே எட்டு மணிக்குக் கிளம்பினோம்.

நுழைவாயிலில் முதல் பாடம். அம்மாவுக்கு அடையாள அட்டையைக் காட்டியதும் உள்ளூர் விலை. எனக்கும் மகனுக்கும் கனடாக் கடவுச்சீட்டு, ஆகவே வெளிநாட்டவர் கட்டணம், அது பல மடங்கு. "பிறந்தது இங்கதான்" என்றேன். ரிக்கெற் கொடுத்தவர் சிரித்தார், விலை குறையவில்லை. விதி அதுதான், அவரைக் குறை சொல்ல முடியாது. இரட்டைக் குடியுரிமை எடுத்தவர்கள் இலங்கை அடையாள அட்டையை மறக்காமல் கொண்டு போங்கள்.

அடுத்தது பை சோதனை. பொலித்தீன் உள்ளே போகக்கூடாது. எங்கள் விடுதி கட்டித் தந்த ரொட்டியும் சம்பலும் அழகாகப் பொலித்தீனில்தான் சுற்றியிருந்தன! பிரித்துக் கடதாசியில் மாற்றிக் கொண்டு போனோம். தண்ணீர்ப் போத்தலின் லேபலையும் கழற்றிவிட்டார்கள். இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்தது. நடைபாதையில் குப்பை என்று ஒன்றும் கண்ணில் படவில்லை.

அம்மா வானோடு நின்றுகொண்டார். நாங்கள் உலக முடிவுக்குப் போய்ச் சேர பதினொரு மணி. கிட்டத்தட்ட 870 மீற்றர் கீழே விழுகிற செங்குத்துப் பாறை அங்கே இருக்க வேண்டும். இருந்தது ஒரு வெள்ளைச் சுவர். வெயில் ஏற ஏற, கீழ்ப் பள்ளத்தாக்கின் ஈரக் காற்று பாறையைப் பிடித்துக்கொண்டு மேலே வந்து, குளிர்ந்து, முகிலாகிவிடுகிறது. ஒக்டோபர், நவம்பர் இரண்டு பருவமழைகளுக்கும் நடுவிலான இடைப்பருவப் பெயர்ச்சிக் காலம். காலை வெளிப்பாக இருக்கும், மதியத்துக்குப் பிறகு இடியோடு மேற்காவுகை மழை, அதாவது வெயிலில் சூடாகி மேலெழும் காற்று கொண்டு வருகிற மழை. சொல்லி வைத்தது போல இரண்டு மணிக்குக் கொட்டியது. நனைந்து நடுங்கினோம். சமவெளி 2,100 மீற்றருக்கு மேலே. கொழும்பில் 30 பாகை என்றால் அங்கே அதில் பாதிதான் இருக்கும், காற்று வேறு. கனடாக்காரனுக்குக் குளிரா என்று ஜக்கெற்றை வானிலேயே விட்டுவிட்டுப் போன என் கெட்டித்தனத்தை என்ன சொல்ல. தை மாதப் பக்கம் வந்தால் விடியற்காலையில் புல்லில் உறைபனியே படியுமாம்.

அடுத்த நாள் தம்பி சொன்னபடி ஐந்து மணிக்கு வெளிக்கிட்டோம். மறுபடியும் முழுக் கட்டணம். ஆனால் ஆறரைக்குப் புல்வெளியில் பனித்துளி, நடுவில் ஒரு மரை நின்று எங்களைப் பார்த்தது. எட்டு மணிக்கு முன்பே உலக முடிவு. தேயிலைத் தோட்டம், அதற்கும் கீழே தூரத்தில் தெற்குச் சமதரை எல்லாம் விரிந்து கிடந்தது.

மகன் இலையில்லாத மரங்களைக் காட்டி, "அப்பா, இங்கயும் இலை உதிருது" என்றான். உதிரவில்லை. அவை பட்டுப்போகிற மரங்கள், இந்த முகில் காட்டில் பல காலமாக இருக்கிற நோவு. பக்கத்திலேயே இளந்தளிர் சிவந்திருந்தது. கனடாவில் முதிர்ந்த இலை சிவக்கும், இங்கே பிறந்த இலை.

திரும்பி வருகையில் பாதையில் எங்கள் விடுதியில் தங்கியிருந்த குடும்பம் ஒன்று எதிரே வந்தது. ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டு வந்த முகம். எங்களுக்குப் பின்னால் முகில் ஏறத் தொடங்கியிருந்தது. "இன்னும் தெரியுதா?" என்று கேட்டார்கள்.