ஸ்டென்டுக்குள் மீண்டும் அடைத்த நாடிக்கு லேசர் சிகிச்சை: எங்கள் அனுபவம்

திருக்கோணமலையில் பிரெட்ரிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் வீதியில், மான்கள் நிற்கும் இடத்தைத் தாண்டுமுன்பே அப்பாவுக்கு வலது கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். நின்றால் வலி விடும், நடந்தால் திரும்ப வரும். நீண்டகாலமாக நீரிழிவு உள்ள அவருக்குத் தொடை நாடியில் முன்பு வைத்த ஸ்டென்ட் (இரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) உள்ளே அடைத்துவிட்டிருந்தது. கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்க்கும் சோதனையில் 0.9 இற்குக் குறைந்தாலே நாடி நோய் என்பார்கள், அவருக்கு 0.5 இருந்தது. ஆகவே சென்னையில் ஒரு தனியார் வைத்தியசாலையில் லேசர் சிகிச்சை செய்வித்தோம்.

சிகிச்சையில் எனக்குக் குறையில்லை. இடது கவட்டில் விறைப்பூசி மட்டும் போட்டு, ஒளியிழைகள் கொண்ட மெல்லிய குழாயை நாடி வழியாக வலது காலுக்குக் கொண்டு சென்றார்கள். 308 நனோமீற்றர் அலைநீளமுள்ள புறஊதாக் கதிரைத் தரும் இந்த எக்சைமர் லேசர், அடைத்திருக்கும் படிவைச் சுட்டெரிப்பதில்லை, ஏறத்தாழ 0.05 மில்லிமீற்றர் ஆழத்துக்கு மட்டும் ஊடுருவி, மூலக்கூற்றுப் பிணைப்புகளை உடைத்து அதை நுண்துகள்களாக்குகிறது. இரத்தமோ சாயமருந்தோ நிற்கும் இடத்தில் லேசர் பட்டால் குமிழிகள் வெடித்து நாடிச்சுவர் கிழியக்கூடும் என்பதால், இடைவிடாமல் சேலைன் (உப்புநீர்) செலுத்தியபடி, செக்கனுக்கு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகவே குழாயை நகர்த்துவார்கள். அந்தச் சேலைன் இறங்கும்போதெல்லாம் கால் உள்ளுக்குள் குளிர்ந்ததாக அப்பா சொன்னார். ஸ்டென்டுக்குள் ஏற்படும் அடைப்புக்கு இம்முறையை அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2014 இல் அனுமதித்தது.

என் மனக்குறை, அப்பாவை வைத்தியசாலையில் சேர்க்குமுன் கிடைத்த விளக்கத்தைப் பற்றியது. மதிப்பீட்டுத் தொகை சொன்ன ஊழியர், லேசரே எல்லாவற்றையும் சுத்தமாக்கிவிடும் என்றார். உண்மையில் லேசர் ஒரு வழியைத்தான் திறக்கிறது. அதன்பின் மருந்து பூசிய பலூனால் விரிக்க வேண்டியிருந்தது, அதன் விலை எங்களிடம் தந்த தாளில் இல்லை. கடினமான கல்சியப் படிவில் லேசரின் வேகம் குறையும் என்பதையும், உடைந்த துணுக்கு கீழ்நாடியில் போய் அடைக்கக்கூடும் என்பதையும் நாங்களாகக் கேட்ட பிறகே வைத்தியர் பொறுமையாக விளக்கினார். கடல் கடந்து வரும் குடும்பத்துக்கு இவை முதல் நாளே எழுத்தில் கிடைக்க வேண்டும்.

மூன்று மாதமாக அப்பா, இரத்தம் உறையாமல் தடுக்கும் அஸ்பிரினும் குளோபிடோகிரலும் தவறாமல் எடுக்கிறார், சுருட்டை விட்டுவிட்டார். போன வெள்ளிக்கிழமை கோயில் வாசல்வரை ஒரே மூச்சில் நடந்துபோய், செருப்பைக் கழற்றும்போதுதான் நின்றார்.