25 வெள்ளி ஓபிடி அடாப்டர்: என் பழைய டர்போ வண்டி ஏன் இவ்வளவு பெட்ரோல் குடித்தது

பழைய டர்போ கார் (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ பொருத்திய வண்டி) வைத்திருக்கிறீர்களா, இதை வாங்கி கிளவ் பாக்ஸில் போட்டு வையுங்கள். இஎல்எம்327 புளூடூத் அடாப்டர், இணையத்தில் 25 சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கினேன், தீப்பெட்டி அளவுதான் இருக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் (பட்டறைக்காரர்கள் கோளாறு பார்க்கக் கருவி செருகும் இடம்) செருகிவிட்டு கைப்பேசியில் டார்க் ப்ரோ மாதிரி ஒரு செயலியைத் திறந்தால், எஞ்சின் கம்ப்யூட்டர் பார்க்கிற எண்களை நாமும் பார்க்கலாம்.

என்னுடையது 2008-ல் பதிவான 2 லிட்டர் ஐரோப்பிய டர்போ. 2018-ல் பத்து வருஷத்துக்கு சிஓஇ (சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்க வேண்டிய உரிமச் சான்றிதழ்) புதுப்பித்துவிட்டேன், அதனால் 2028 வரை இதுதான் என் வண்டி. டேங்க் நிரப்பி, அடுத்த முறை நிரப்பும்போது கணக்குப் போட்டால் லிட்டருக்கு 9 கிலோமீட்டருக்கு மேல் வரும். போன தீபாவளிக்குப் பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி 6.8-க்கு வந்துவிட்டது. எஞ்சின் லைட் எரியவில்லை, புகை இல்லை, சத்தம் இல்லை. இங்கே பெட்ரோல் விற்கிற விலைக்கு இது சின்ன விஷயம் இல்லை, பக்கத்தில் மலேசியாவின் ஜொகூரில் போய் நிரப்பிக்கொள்ளலாம் என்றாலும் முக்கால் டேங்க் இருந்தால்தான் எல்லையைத் தாண்டவே விடுவார்கள்.

முதலில் போன பட்டறையில் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல் பழைய வண்டி என்பதால் பிளக், ஆக்ஸிஜன் சென்சார் இரண்டையும் மாற்றினார்கள். 620 வெள்ளி. அடுத்த டேங்கில் 6.9. அன்றைக்கு வந்த வயிற்றெரிச்சலில்தான் இந்த அடாப்டரை வாங்கினேன்.

முதலில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலையைப் பார்த்தேன். பிஐஇ விரைவுச்சாலையில் இருபது நிமிஷம் ஓட்டிய பிறகும் 77 டிகிரிதான், 90-ஐ ஒட்டி நிற்க வேண்டிய எஞ்சின் அது. ஆனால் டேஷ்போர்டு முள் எப்போதும் போல நடுவிலேயே நின்றது, ஏனென்றால் பல வண்டிகளில் அந்த முள்ளை ஒரு பெரிய இடைவெளி முழுக்க நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள், ஓட்டுபவர் பதறக்கூடாது என்று. கூலன்ட் ரேடியேட்டருக்குப் போவதைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டால் இப்படித்தான் ஆகும்: எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூடுதலாகவே விடும். நம் ஊர் வெயிலில் எஞ்சின் சூடாகாமல் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? டிராஃபிக்கில் நின்றால் 88 வரை ஏறுகிறது, விரைவுச்சாலையில் காற்றுப் பட்டதும் இறங்கிவிடுகிறது.

அடுத்தது ஃபியூல் டிரிம். இதைத்தான் எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதை வைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்பதைச் சதவீதமாகக் காட்டும். பிளஸ் என்றால் பெட்ரோல் போதவில்லை என்று கூட்டுகிறது, மைனஸ் என்றால் அதிகம் என்று குறைக்கிறது. பூஜ்ஜியத்துக்கு இரண்டு பக்கமும் ஐந்து, ஆறு என்றால் கவலை வேண்டாம். என் வண்டியில் ஐட்லில் (வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது) மைனஸ் 2, மேம்பாலம் ஏறும்போது மைனஸ் 14. டர்போ அழுத்தம் ஏறும்போது மட்டும் கெடுகிறது என்றால், காற்றை அளக்கிற சென்சாரைத் தாண்டிய பிறகு எங்கோ காற்று வெளியே போகிறது. அளந்த காற்றுக்குப் பெட்ரோல் விட்டாயிற்று, ஆனால் அந்தக் காற்று முழுசாக எஞ்சினுக்குள் வரவில்லை. டர்போவும் அதை ஈடுகட்டக் கூடுதலாக உழைக்கிறது, நம் காலும் தெரியாமலே இன்னும் அழுத்துகிறது.

இந்த எண்களை எடுத்துக்கொண்டு சின் மிங்கில் வேறொரு சின்னப் பட்டறைக்குப் போனேன். அங்கே இருந்த அண்ணன் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, "சரி தம்பி, புகை விட்டுப் பார்த்துடுவோம்" என்றார். எஞ்சினுக்குக் காற்றுப் போகிற வழியான இன்டேக்கை அடைத்து மெஷினிலிருந்து புகையை உள்ளே செலுத்தினார். இரண்டு நிமிஷத்தில் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குக் கீழே போகிற ரப்பர் ஹோஸின் கிளாம்ப் ஓரத்திலிருந்து மெல்லிய வெள்ளை இழையாக வந்தது. கழற்றிப் பார்த்தால் அடிப்பக்கம் கறுப்பாக ஆயில் பிசுக்கு, நடுவில் நகம் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. கையில் நேராகப் பிடித்தால் மூடிக்கொள்கிறது, மடக்கினால் வாய் திறக்கிறது. கண்ணால் மட்டும் தேடியிருந்தால் கிடைத்தே இருக்காது.

ஹோஸ், தெர்மோஸ்டாட், கூலன்ட், புகைச் சோதனை, கூலி எல்லாம் சேர்த்து 410 வெள்ளி. அதன் பிறகு மூன்று டேங்க் ஓட்டிவிட்டேன், சராசரி 9.1.

அடாப்டரின் குறைகளையும் சொல்ல வேண்டும். பதிப்பு 2.1 என்று போட்டு விற்பவை பெரும்பாலும் நகல்கள், சில கட்டளைகளுக்குப் பதிலே வராது. ஒரே சமயத்தில் நிறைய எண்களைத் திறந்தால் திணறும், மூன்று நான்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஐபோனுக்கு சாதாரண புளூடூத் மாடல் ஒத்துவராது, வைஃபை அல்லது பிஎல்இ (குறைந்த மின்சக்தி புளூடூத்) மாடல் வேண்டும். பழைய ஜப்பான் பேரலல் இம்போர்ட் (அதிகாரபூர்வ விற்பனையாளர் இல்லாமல் இறக்குமதியான) வண்டிகள் சிலவற்றில் வேலை செய்யாது, வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், டயர் காற்று குறைவையும் பிரேக் பிடித்தபடி ஓடுவதையும் இது காட்டாது. பிரேக்குக்கு, ஓட்டி முடித்து இறங்கியதும் நான்கு ரிம்முக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், ஒன்று மட்டும் கொதித்தால் அந்தச் சக்கரத்தில்தான் விஷயம். வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள், செருகியே வைத்தால் நாலைந்து நாள் ஓடாமல் நிற்கிற வண்டியின் பேட்டரியை இறக்கிவிடும்.