புரோபயாட்டிக் பவுடர் என்று சொல்லி 14,800 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள், கோழி வளர்ப்பவர்கள் உஷார்

14,800 ரூபாய். மொத்தத்தையும் ஜிபேயில் முன்பணமாக வாங்கிக்கொண்டு, இன்று காலையில் என் நம்பரையே பிளாக் செய்துவிட்டான் ஒரு ஆன்லைன் கோழித்தீவனக் கடைக்காரன்.

பல்லடம் பக்கம் நாட்டுக்கோழி வளர்க்கிறேன். குஞ்சுகளுக்குக் கழிச்சல் விட்டுவிட்டு வந்தது. கூளம் ஈரமாகவே கிடந்தது. எவ்வளவு தின்றாலும் எடை ஏறவில்லை. குடலுக்கு நல்ல பாக்டீரியா தருகிற புரோபயாட்டிக் பவுடர் வேண்டும் என்று இவனிடம் கேட்டபோது எடுத்த எடுப்பில் விலை பேசவில்லை. எச்சத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னான். போர்வெல் தண்ணியா, குளோரின் போடுறீங்களா என்று விசாரித்தான். "ஆன்டிபயாட்டிக்கோட சேர்த்துக் குடுக்காதீங்கண்ணா, நல்ல பாக்டீரியாவையும் கொன்னுடும்" என்றான். அது உண்மையும்கூட. இப்படி விவரம் தெரிந்து பேசுபவனை யார் சந்தேகப்படுவார்கள்? அங்கேதான் நம்பிப் பணத்தை அனுப்பினேன்.

வந்த டப்பாவில் லாக்டோபேசில்லஸ், பேசில்லஸ் சப்டிலிஸ் என்று கொட்டை எழுத்தில் நல்ல பாக்டீரியாக்களின் பெயர்கள். ஒரு கிராமில் எத்தனை உயிருள்ள பாக்டீரியா என்கிற சிஎஃப்யு கணக்கு மட்டும் எங்கேயும் இல்லை. சொன்ன அளவில் கலந்து போட்டும் கழிச்சல் நிற்கவில்லை. காலியான டப்பாவைக் கழுவும்போது காலாவதி தேதி ஸ்டிக்கர் ஊறிக் கழன்று வந்தது. அடியில் அச்சடித்திருந்த தேதி போன வருஷமே முடிந்துபோயிருந்தது! பாக்டீரியா உயிரோடு இருந்தால்தானே அது புரோபயாட்டிக்? வெறும் மாவுக்கா 14,800 ரூபாய்?

போட்டோ அனுப்பிக் கேட்டால், "தண்ணியில குளோரின் இருக்கும்ணா" என்கிறான், அது பாக்டீரியாவைக் கொன்றுவிட்டதாம். போர்வெல் தண்ணி என்று முதல் நாளே அவனிடம்தான் சொன்னேன். அப்புறம் "ஒரு பேட்ச் குஞ்சுக்கு முழுக்கப் போட்டுப் பாருங்க". அப்புறம் "ஓப்பன் பண்ண டப்பாவுக்கு ரிட்டர்ன் கிடையாது". ஸ்டிக்கரைப் பற்றிக் கேட்டதற்குப் பதிலே இல்லை, ப்ளூ டிக் மட்டும். மேனேஜர் கூப்பிடுவார் என்றான், எந்த மேனேஜரும் கூப்பிடவில்லை. கடைசியில் பிளாக்.

எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இருக்கிற ஆத்திரத்தில் முடியவில்லை. சிஎஃப்யு, பேட்ச் நம்பர், தயாரிப்புத் தேதி மூன்றும் தெரிகிற மாதிரி லேபிள் போட்டோ வராமல் பணம் அனுப்பாதீர்கள். தேதி மேல் ஸ்டிக்கர் இருந்தால் உரித்துப் பாருங்கள். ஜிஎஸ்டி பில் கேளுங்கள். எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் பவுடரை நம்பி உட்காராமல் உடனே கால்நடை டாக்டரிடம் ஓடுங்கள், ரத்தக் கழிச்சலுக்கு இது மருந்தே இல்லை. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள். நானும் புகார் கொடுத்திருக்கிறேன், 14,800 ரூபாயையும் விடுவதாக இல்லை.