எதை ஆட்டோவில் விடலாம், எதை விடக்கூடாது: வைப்பர், விளக்கு, பார்க்கிங் சென்சார், ஏசி

கார் வாங்கும்வரை பேச்செல்லாம் எஞ்சின், மைலேஜ், இடவசதி பற்றித்தான். வாங்கி ஓட்ட ஆரம்பித்த பிறகு தினமும் கை போகிற இடங்கள் வேறு: வைப்பர் லீவர், லைட் சுவிட்ச், ஏசி குமிழ். இப்போது இவை எல்லாவற்றிலும் ‘ஆட்டோ’ என்று ஒரு நிலை வந்துவிட்டது. என் வண்டியிலும் உண்டு. சில வருடங்கள் ஓட்டியபின் என் கணக்கு இதுதான்: ஏசியை ஆட்டோவில் போட்டுவிட்டு மறந்துவிடலாம். ஹெட்லைட்டை ஆட்டோவில் விடலாம், மறக்கத்தான் கூடாது. வைப்பருக்குப் பாதி மதிப்பெண். பார்க்கிங் சென்சார் கத்தினால் கேட்டுக்கொள்வேன். கத்தாமல் இருந்தால் அதை நம்பமாட்டேன்.

வைப்பரிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதில்தான் சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

மழை சென்சார் பின்னால் வருவதைக் காட்டும் உள்பக்கக் கண்ணாடிக்குப் பின்னால், முன்கண்ணாடியோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அது சாய்வாகக் கண்ணாடிக்குள் அனுப்புகிறது. கண்ணாடி காய்ந்திருந்தால் ஒளி வெளிப்பரப்பில் பட்டு அப்படியே உள்ளே திரும்பி வரும். அந்த இடத்தில் ஒரு துளி உட்கார்ந்தால் ஒளியில் ஒரு பங்கு அதன் வழியாக வெளியே போய்விடும். திரும்பி வருவது எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு மழை என்பது அதன் கணக்கு. இதைத் தெரிந்துகொண்ட பிறகு வைப்பரின் கிறுக்குத்தனங்கள் பெரும்பாலும் புரிந்துவிட்டன. அது முழுக் கண்ணாடியையும் பார்ப்பதில்லை, உள்ளங்கையைவிடச் சின்ன ஒரு இடத்தை மட்டும் பார்க்கிறது. தூறல் நம் கண்ணுக்கு நேரே விழுந்து, அந்த இடத்தில் விழாமல் போனால் வைப்பர் சும்மா கிடக்கும். ஒரு பூச்சி சரியாக அங்கே மோதி நசுங்கினால், வெயில் கொளுத்தும்போதும் காய்ந்த கண்ணாடியைக் கறகறவென்று துடைக்கும்.

இன்னொன்று, சென்சார் துளி விழுந்த பிறகுதான் வேலையைத் தொடங்கும். சாதாரண மழையில் அந்தத் தாமதம் தெரியாது. முன்னால் போகும் லாரியை முந்தும்போதுதான் தெரியும். அதன் சக்கரம் வாரியடிக்கும் சேற்றுத் தண்ணீர் கண்ணாடியை ஒரேயடியாக மூடும். வைப்பர் எழுந்து வருவதற்குள் ஒரு நொடி போய்விடும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு நொடி 22 மீட்டர். அதனால் மழையில் முந்துவதற்கு முன்பே லீவரைக் கையால் வேகநிலைக்குத் தள்ளிவிடுகிறேன், முந்தி முடித்ததும் மறுபடி ஆட்டோ.

லீவரில் இருக்கும் சிறிய வளையத்தைப் பலர் தொடுவதே இல்லை. சாதாரண இடைவெளி வைப்பரில் அது எத்தனை நொடிக்கு ஒருமுறை என்பதை மாற்றும். ஆட்டோ வைப்பரில் அது உணர்திறனை மாற்றுகிறது. என் வண்டியில் பகலில் குறைவாகவும் இரவில் ஒரு படி கூடுதலாகவும் வைக்கிறேன். காரணம் எளிது: பகலில் பத்து துளி இருந்தாலும் அவற்றுக்கு இடையே சாலை தெரியும். இரவில் எதிர்வண்டி வெளிச்சம் ஒவ்வொரு துளியிலும் சிதறிக் கண்ணைக் கூசவைக்கும். துளியின் அளவு சென்சாருக்குத் தெரியும், கண்ணின் அவஸ்தை தெரியாது.

கல் பட்டு விரிசல் விட்டதால் ஒருமுறை முன்கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது. வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த வாரமே மழையே இல்லாமல் வைப்பர் ஆடத் தொடங்கியது. சென்சாருக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒளி தடையில்லாமல் போவதற்காக ஜெல் போன்ற ஒரு பட்டை வைப்பார்கள். அதில் ஒரு காற்றுக்குமிழ் சிக்கியிருந்தது. வெளியிலிருந்து குனிந்து பார்த்தால் வெள்ளிக்காசு போலப் பளபளவென்று தெரிந்தது. பட்டையை மாற்றியதும் சரியாகிவிட்டது. கண்ணாடி மாற்றுகிறவர்கள் வண்டியைத் திரும்பப் பெறும் முன் வெளியிலிருந்து அந்த இடத்தை ஒருமுறை பாருங்கள்.

தானியங்கி இயந்திரத்தில் வண்டியைக் கழுவ விடும்போது ஆட்டோவை அணைத்துவிட வேண்டும். தூசி படிந்த கண்ணாடியில் முதல் துளி விழும்போதும் ஆட்டோவை நான் விடுவதில்லை. வாஷர் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டுத்தான் துடைப்பு, இல்லாவிட்டால் தூசியே உப்புத்தாளாகிக் கண்ணாடியைக் கீறும்.

ரப்பர் விஷயத்தில் மழை இல்லாத மாதங்களைக் கழித்துக் கணக்குப் போடக்கூடாது. வைப்பர் ரப்பர் துடைத்துத் தேய்வதைவிட வெயிலில் கிடந்து இறுகுவது அதிகம். அதன் விளிம்பு ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் மறுபக்கம் மடிய வேண்டும். இறுகிப்போனால் மடியாமல் குதிக்கும். அந்த ‘டுர்ர்ர்’ சத்தம் அதுதான். சில சமயம் ரப்பர் நன்றாக இருந்தும் சத்தம் வரும். கழுவும்போது போட்ட மெழுகு பாலிஷ் கண்ணாடியில் படிந்திருக்கும். கண்ணாடியையும் ரப்பர் விளிம்பையும் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் சத்தம் போகாவிட்டால்தான் புது பிளேடு.

ஹெட்லைட் ஆட்டோ என்னை அதிகம் தொந்தரவு செய்ததில்லை. சுரங்கப்பாதைக்குள் நுழைந்ததும் உடனே எரியும், வெளியே வந்ததும் சற்றுத் தாமதித்து அணையும். பாலத்தின் கீழ் போகும்போதெல்லாம் மினுக்கக்கூடாது என்றுதான் அந்தத் தாமதம். ஆனால் அது அளப்பது வெளிச்சத்தை மட்டுமே. காலை மூடுபனி நல்ல வெளிச்சமாகவே இருக்கும். ஐம்பது அடிக்கு அப்பால் எதுவும் தெரியாவிட்டாலும் சென்சாரைப் பொறுத்தவரை அது பகல். முன்னால் பகல்நேர விளக்கு எரிவதாலும் டாஷ்போர்டு எப்போதும் ஒளிர்வதாலும், எல்லா விளக்கும் எரிகிறது என்றே ஓட்டுபவருக்குத் தோன்றும். பல வண்டிகளில் பகல்நேர விளக்கோடு பின்விளக்கு எரிவதில்லை. பின்னால் வருகிறவருக்கு நீங்கள் பனிக்குள் ஒரு சாம்பல் நிறப் பெட்டி, அவ்வளவுதான். மூடுபனியிலும் பகல் மழையிலும் சுவிட்சைக் கையால் திருப்பி லோ பீம் போடுவது இதற்காகத்தான்.

ஆட்டோ ஹை பீமை அணைத்தே வைத்திருக்கிறேன். ஹை பீமைத் தாழ்த்தலாமா என்று முடிவுசெய்யக் கேமரா தேடுவது மற்றவர்களின் விளக்கை. நடந்து வருபவரிடம் விளக்கு இல்லை, விளக்கில்லாத சைக்கிளும் அப்படித்தான். மேட்டைத் தாண்டி வரும் வண்டியின் டிரைவர் கண் முதலில் எழும்பும், அதன் விளக்கு அப்புறம்தான் தெரியும். அதற்குள் அவர் கண்ணில் நம் வெளிச்சம் முழுசாக அடித்துவிடும். சில நேரம் பளபளக்கும் சாலைப் பலகையை எதிர்வண்டி என்று நினைத்துத் தானாகத் தாழ்த்திக்கொள்வதும் உண்டு. வேடிக்கையாக இருக்கும், உபயோகமில்லை.

இதையெல்லாம்விட அதிகம் பயன்படுவது ஹெட்லைட்டின் உயரத்தை மாற்றும், 0 முதல் 3 வரை எண் போட்ட சின்னச் சக்கரம். பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கி நிறையச் சாமானும் ஏறினால் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து மூக்கு நிமிரும், லோ பீமே எதிரில் வருபவரின் முகத்துக்குப் போகும். அவர்கள் ‘ஹை பீமைக் குறை’ என்று விளக்கை மினுக்குவார்கள், நமக்கோ காரணம் புரியாது. பாரத்துக்கு ஏற்ப அந்தச் சக்கரத்தை 2-க்கோ 3-க்கோ திருப்பினால் ஒளி சாலைக்கு இறங்கும். பாரம் இறங்கியதும் மறுபடி 0. ஹாலஜன் பல்புக்கான கிண்ணத்தில் எல்இடி பல்பைச் செருகுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை: அந்தக் கிண்ணத்தின் வளைவு முழுவதும் ஹாலஜன் இழை இருக்கும் இடத்தை வைத்துக் கணக்கிட்டது. ஒளி பிறக்கும் இடம் கொஞ்சம் நகர்ந்தாலே ஒளியின் மேல் எல்லையான வெட்டுக்கோடு கலைந்து, நமக்குப் பக்கத்தில் பளிச்சென்றும் மற்றவர்களுக்குக் கண் கூச்சமாகவும் முடியும். எனக்கு அதில் விருப்பமில்லை.

பார்க்கிங் சென்சார் வவ்வால் வேலைதான் செய்கிறது. மனிதக் காதுக்கு எட்டாத, ஏறக்குறைய 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருக்கும். ஒலி நொடிக்கு 340 மீட்டர் சொச்சம் போகிறது, ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் சுவரிலிருந்து எதிரொலி வர 6 மில்லிவினாடி ஆகும். சுவர், வண்டி மாதிரி அகலமான, கெட்டியான பொருளென்றால் அதன் அளவு நம்பகமானது. மெல்லிய கம்பி, கயிறு, சாய்வான பரப்பு, துணிமூட்டை போல ஒலியைக் குடித்துவிடும் பொருள் என்றால் எதிரொலி சரியாக வராது. உயரமான லாரியின் பின்பக்கம் பம்பருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் கீழே ஒலி சும்மா போய்விடும்.

இவற்றில் ஆபத்தானது குட்டையான கல் விளிம்பு. தூரத்தில் இருக்கும்போது சென்சார் அதைப் பார்த்துவிடும், பீப் சத்தம் வேகமாகிக்கொண்டே வரும். இன்னும் நெருங்கும்போது கல் ஒலியின் பரப்புக்குக் கீழே போய்விடுவதால் சத்தம் நின்றுவிடும். ‘சரி, வழி இருக்கிறது போல’ என்று நினைத்து இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் பம்பரின் அடிப்பக்கம் உரசும். அதனால் எனக்கு ஒரு வழக்கம்: பீப் கேட்டு, பிறகு பாதியில் நின்றால், பிரேக். இறங்கிப் பார்த்த பிறகே மேற்கொண்டு. தொடர் சத்தம் வருவதென்றால் பெரும்பாலும் இன்னும் 30 சென்டிமீட்டர் இருக்கிறது என்று பொருள். அதற்குள்ளே எவ்வளவு என்று சென்சார் சொல்லாது, அதைக் கேமராவும் கண்ணும்தான் சொல்ல வேண்டும்.

ஒரு சென்சார் செத்துவிட்டதா என்று பார்க்க மெக்கானிக் தேவையில்லை. கை பிரேக் போட்டு, எஞ்சினை ஓடவிடாமல் இக்னிஷனை மட்டும் திருப்பி, ரிவர்ஸ் கியர் போட்டுவிட்டு, பம்பரில் அந்த வட்டத்தருகே காதை வைத்தால் மெல்லிய ‘டிக் டிக் டிக்’ கேட்கும். கேட்காதது எதுவோ அதுதான் கெட்டது. சேறு படிந்தாலும், பம்பருக்குப் பெயின்ட் அடிக்கும்போது சென்சார் மேல் கனமாகப் பூசிவிட்டாலும் இதே தொல்லை வரும்.

ஏசிக்கு வருவோம். ஆட்டோ க்ளைமேட்டில் 24 என்று வைத்துவிட்டுப் பல மாதம் தொடாமல் ஓட்டியிருக்கிறேன். இதில் நிறையப் பேர் செய்வது, வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் 16-க்கு இறக்குவது. அதனால் சீக்கிரம் குளிராது. 24-இல் இருந்தாலும் முதல் சில நிமிடங்கள் அது முழு மூச்சாகத்தான் ஓடும், 16-இல் வைத்தால் குளிர்ந்த பிறகும் நிறுத்தாமல் ஓடும், அவ்வளவே வித்தியாசம். எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு ஒரு நிமிடம் ஓட்டினால் உள்ளே அடைந்த சூடு வெளியேறும், பிறகு கண்ணாடியை ஏற்றி, உள்காற்றையே சுழற்றும் ரீசர்குலேஷன். உள்ளே குளிர்ந்ததும் வெளிக்காற்றுக்கு மாற்றிவிடுங்கள். நான்கு பேர் மூச்சுவிடும் மூடிய பெட்டியில் கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். நெடுந்தூரப் பயணத்தில் வரும் தலைபாரத்துக்கும் தூக்கத்துக்கும் அதுவும் ஒரு காரணம்.

டாஷ்போர்டின் மேல், கண்ணாடியை ஒட்டி ஒரு சின்னக் கறுப்புப் புடைப்பு இருக்கும். பல வண்டிகளில் அது வெயில் சென்சார். அதன்மேல் ஒரு துணியோ பொம்மையோ கிடந்தால், வெளியே வெயில் இல்லை என்று நினைத்துக் காற்றைக் குறைத்துவிடும். ‘என் வண்டியில் ஏசி சரியாகக் குளிரவில்லை’ என்று சொன்ன ஒரு நண்பரின் வண்டியில் அங்கே பார்க்கிங் ரசீதுக் குவியல் இருந்தது.

கண்ணாடியில் படியும் பனிமூட்டம் தனிக் கதை. மழை நாளில் ஈரத்துணியோடு நான்கு பேர் ஏறியதும் படிவது உள்பக்கம். கண்ணாடி வெளியே குளிர்ந்திருக்கிறது, உள்ளே காற்று ஈரமாக இருக்கிறது. இதற்கு ஏசியை அணைக்காமல் போட வேண்டும், குளிருக்காக அல்ல, காற்றின் ஈரத்தைப் பிழிவதற்காக. முன்கண்ணாடிப் படம் போட்ட பட்டனை அழுத்தினால் பெரும்பாலான வண்டிகளில் ஏசியும் வெளிக்காற்றும் தானாகவே இயங்கும். வெப்பநிலையை உயர்த்தினால் இன்னும் சீக்கிரம் விலகும்.

புழுக்கமான இரவில் இதற்கு நேர்மாறு. ஏசிக் காற்று நேரே முன்கண்ணாடியில் அடித்து அதைக் குளிரவைத்திருக்கும், வெளிக்காற்றின் ஈரம் வெளிப்பக்கம் படியும். அப்போது அதே பட்டனைக் குளிர்காற்றோடு அழுத்தினால் மூட்டம் கூடத்தான் செய்யும். விரலால் உள்ளே ஒரு கோடு போட்டுப் பாருங்கள்: கோடு தெளிவாக விழுந்தால் மூட்டம் உள்பக்கம், விழாவிட்டால் வெளிப்பக்கம், வைப்பரை ஒருமுறை போட்டு, காற்றை முன்கண்ணாடியிலிருந்து திருப்பி, இரண்டு டிகிரி ஏற்றினால் போதும்.

ஏசி போட்டதும் ஈரத்துணி வாடை வந்தால் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். அது புதிதாக இருந்தும் வாடை போகாவிட்டால் உள்ளே குளிரும் சுருளில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்திருக்கும். வீடு நெருங்கும்போது ஏசியை அணைத்துவிட்டு விசிறியை மட்டும் ஓடவிட்டால் அந்த ஈரம் காய்ந்துவிடும். வண்டிக்கு அடியில் சொட்டும் தண்ணீர் இயல்புதான். சொட்டாமல் காலடி விரிப்பு நனைந்தால்தான் வடிகுழாய் அடைத்திருக்கிறது.

கடைசியாக ஒரு மனக்குறை, இது என் வண்டியோடு மட்டும் நிற்பதில்லை. இந்தக் கட்டுப்பாடுகளை ஒவ்வொன்றாகத் தொடுதிரைக்குள் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்வீடனின் ‘வி பீலேகரே’ என்ற வாகன இதழ் 2022-இல் ஒரு சோதனை செய்தது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியபடி ஏசி, ரேடியோ போன்ற வழக்கமான சில வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். பட்டன்கள் உள்ள 2005-ஆம் ஆண்டு வோல்வோ வி70-இல் 10 வினாடியில் முடிந்தது, அதற்குள் வண்டி போன தூரம் 306 மீட்டர். தொடுதிரை வண்டிகளில் கடைசியாக வந்ததில் ஏறக்குறைய 45 வினாடி, ஒரு கிலோமீட்டருக்கும் மேல். ஜெர்மனியில் கொட்டும் மழையில் தொடுதிரையில் வைப்பர் வேகத்தை மாற்றப்போய்ச் சாலையை விட்டு விலகிய ஓட்டுநருக்கு, 2020-இல் கார்ல்ஸ்ரூ மேல்நீதிமன்றம் ஒரு மாத ஓட்டத் தடையை உறுதி செய்தது. அந்தத் திரையையும் கைபேசிக்கான விதியின் கீழ்தான் நீதிமன்றம் வைத்தது. ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பிடும் யூரோ என்கேப் அமைப்பு இதைக் கவனித்திருக்கிறது. 2026 விதிகளில் இண்டிகேட்டர், அபாய விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் தொட்டுணரக்கூடிய தனிக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் மதிப்பெண் குறையும்.

அந்தப் பட்டியலில் ஏசி இல்லை. என் வண்டியில் வெப்பநிலைக்குக் குமிழும் முன்கண்ணாடி மூட்டத்துக்குப் பட்டனும் விட்டுவைத்திருக்கிறார்கள், நல்ல காலம். காற்றின் திசையை மாற்றத்தான் திரைக்குள் இரண்டு பக்கம் போக வேண்டும். அதை வண்டி கிளம்புவதற்கு முன்பே வைத்துவிடுகிறேன், நடுவழியில் மாற்ற வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடுகிறேன்.