பழைய கீபோர்டைக் கைமாற்றும்போது: வாசிப்பவருக்கு விற்பதா, டீலரிடம் கொடுப்பதா, இரவல் விடுவதா?

பல வருடம் வாசித்த ஒரு ரோட்ஸ் மின்பியானோவையோ மினிமூக் சிந்தசைசரையோ விட்டுவிட முடிவு செய்பவர்கள் முதலில் கேட்பது ‘எவ்வளவு கிடைக்கும்?’ என்றுதான். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொண்டால் மற்ற முடிவுகள் சுலபமாகிவிடும்: இந்த வாத்தியம் இனியும் ஒலிக்க வேண்டுமானால் அதற்கு என்ன வேண்டும், அதை யாரால் தர முடியும்? இதற்கான பதில் வாத்தியத்துக்கு வாத்தியம் மாறும். அதனால்தான் ‘எந்த வழி சிறந்தது’ என்று பொதுவாக ஒரே பதில் சொல்ல முடிவதில்லை.

ரோட்ஸை எடுத்துக்கொள்வோம். கட்டையை அழுத்தினால் ஒரு சுத்தியல் எழும்பி மெல்லிய எஃகுக் கம்பியை அடிக்கிறது. அந்தக் கம்பிக்குப் பெயர் டைன். எதிரே இருக்கும் காந்தப் பிக்கப் அதன் அதிர்வைப் பிடித்து ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புகிறது. வுர்லிட்சர் 200ஏ என்ற மின்பியானோவில் 64 கட்டைகள், டைனுக்குப் பதில் ரீடுகள் எனப்படும் மெல்லிய எஃகுத் தகடுகள். ரீடின் நுனியில் இருக்கும் ஈயப்பற்றைச் சுரண்டினால் சுருதி ஏறும், கூட்டினால் இறங்கும். ஹேமண்ட் பி-3 ஆர்கனுக்குள் ஒலியை உண்டாக்கும் உலோகச் சக்கரங்களான 91 டோன்வீல்கள் ஒரு மோட்டாரால் சுழன்றுகொண்டே இருக்கின்றன. அதற்கு வருடம் ஒருமுறை எண்ணெய் விட வேண்டும். இவை எல்லாமே கையும் கண்ணும் காதும் உள்ள ஒருவர் பொறுமையாகக் கற்றுக்கொண்டு பார்த்துக்கொள்ளக்கூடிய வாத்தியங்கள்.

மின்சுற்றுகளாலேயே ஒலியை உருவாக்கும் அனலாக் சிந்தசைசர்கள் அப்படி இல்லை. 1981-இல் வந்த கோர்க் பாலிசிக்ஸில் நினைவகத்துக்காக வைத்த பேட்டரி கசிந்து, பக்கத்தில் இருக்கும் சர்க்யூட் போர்டின் தடங்களைத் தின்றுவிடும். 1984-இல் வந்த ரோலண்ட் ஜூனோ-106-இன் ஆறு வாய்ஸ் சிப்கள் மேல்பூச்சு காரணமாக ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். இதற்கெல்லாம் அலைக்காட்டியும் அனுபவமும் உள்ள டெக்னீஷியன் வேண்டும். ஆர்வம் மட்டும் இருந்தால் போதாது.

வாசிப்பவருக்கே நேரடியாக விற்பது

ரோட்ஸ், வுர்லிட்சர், ஹேமண்ட் ஆகிய மூன்றுக்கும் நான் முதலில் சொல்லும் வழி இதுதான். டீலர் தருவதைவிட விலை பொதுவாகக் கூடுதலாகக் கிடைக்கும். அதைவிட முக்கியம், வாங்குபவர் உங்கள் முன்னாலேயே உட்கார்ந்து வாசித்துப் பார்ப்பார். அவர் கை எப்படி விழுகிறது என்று தெரிந்துவிடும். வுர்லிட்சரை ஓங்கி ஓங்கி அடித்தால் ரீடு முறியும் என்று அவருக்கு அங்கேயே சொல்லவும் முடியும்.

இந்த வழியில் இருக்கும் சிரமம் நேரமும் நம்பிக்கையும். விளம்பரம் கொடுத்தால் பேரம் பேச மட்டும் வருபவர்கள் அதிகம். விற்ற மறுவாரம் ‘ஒரு கட்டை பேசவில்லை’ என்று வரும் புகாரையும் நீங்கள்தான் எதிர்கொள்ள வேண்டும். இதற்கு ஒரே நல்ல பாதுகாப்பு, குறைகளை நீங்களே முன்கூட்டிக் காட்டிவிடுவது. ஒவ்வொரு கட்டையையும் மெதுவாக ஒருமுறை, அழுத்தமாக ஒருமுறை வாசித்து வீடியோ எடுங்கள். மூடியைத் திறந்து உள்ளேயும் காட்டுங்கள். எந்தப் பாகம் எப்போது மாற்றப்பட்டது என்று தெரிந்தவரை எழுதிக் கொடுங்கள். இப்படிக் காட்டினால் விலை கொஞ்சம் குறையலாம். ஆனால் வருபவர்கள் விஷயம் தெரிந்தவர்களாக இருப்பார்கள்.

எடையை யாரும் முதலில் யோசிப்பதில்லை. 73 கட்டை ரோட்ஸ் ஸ்டேஜ் மாடல் 60 கிலோ அளவில் இருக்கும். பெடலும் பெஞ்சும் சேர்த்தால் பி-3 இருநூறு கிலோவை நெருங்கும். தூரத்திலிருந்து ஒருவர் அதிக விலை சொன்னாலும், பக்கத்தில் இருப்பவர் சொல்லும் குறைந்த விலையே பல நேரம் மேல் என்பேன். லாரியில் போகும் ஹேமண்டின் டோன்வீல் ஜெனரேட்டரை அதற்கென இருக்கும் போல்ட்டுகளால் இறுக்கிப் பூட்ட வேண்டும். பூட்டாமல் ஏற்றினால் அது ஸ்பிரிங்கில் ஆடி ஆடி உள்ளே சேதமாகும். ரோட்ஸின் கால்கள், குறுக்குக் கம்பிகள், பெடல் தண்டு எல்லாம் தனித்தனியாகக் கழலும். மறுமுனையில் ஒரு கால் காணாமல் போனாலும் வாத்தியத்தை நிறுத்தி வைக்க முடியாது.

வேறு நாட்டுக்கு விற்பதாக இருந்தால் இன்னொரு விஷயம் இருக்கிறது. பி-3-இன் மோட்டார் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பொறுத்தது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த ஆர்கனை 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓட்டினால் வேகம் ஆறில் ஐந்து பங்காகக் குறையும். ஆர்கன் முழுக்க மூன்று அரைச்சுரம் இறங்கிப் பேசும். வோல்டேஜை மட்டும் மாற்றும் டிரான்ஸ்ஃபார்மர் இதற்கு உதவாது. அதிர்வெண்ணை மாற்றும் கருவியே வேண்டும். இதைச் சொல்லாமல் விற்பது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம். தந்தக் கட்டை போட்ட பழைய பியானோவாக இருந்தால் எல்லை தாண்டுவதற்கே தடை இருக்கலாம். அதை முதலில் விசாரித்துவிடுங்கள்.

டீலர், கமிஷன் விற்பனை

டீலர் குறைவாகத்தான் கொடுப்பார். அந்தக் குறைவுக்குக் காரணம் உண்டு. அவர் பழுது பார்க்க வேண்டும், வாங்குபவருக்கு உத்தரவாதம் தர வேண்டும், கடை நடத்த வேண்டும். நல்ல நிலையில் உள்ள ரோட்ஸை அவரிடம் கொடுப்பதில் உங்களுக்குப் பெரிய லாபம் இல்லை.

ஆனால் வருடக்கணக்கில் பரணில் கிடந்த புராஃபெட்-5 என்றால் கதை வேறு. அப்படிக் கிடந்த சிந்தசைசரை எடுத்தவுடன் சுவிட்சைப் போட்டுப் பார்ப்பதே ஆபத்து. பவர் சப்ளையில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் காய்ந்து போயிருக்கலாம். அங்கே ஒன்று பழுதானால் எளிதில் கிடைக்காத சிப்களையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். சொந்தமாக டெக்னீஷியன் வைத்திருக்கும் டீலரிடம் அப்படியே கொடுத்துவிடுவது வாத்தியத்துக்கு நல்லது. பணம் குறைவுதான். ஆனால் திறமையில்லாத ஒருவர் கையில் அது முதல் நாளே எரிவதைவிட இது எவ்வளவோ மேல்.

கமிஷன் முறை நடுவழி. வாத்தியம் கடையில் இருக்கும், உரிமை உங்களுடையது, விற்றதும் அவர் பங்கை எடுத்துக்கொள்வார். கேட்க நன்றாக இருக்கிறது. கடையில் இருக்கும்போது திருட்டு, தீ, உடைப்புக்கு யார் பொறுப்பு? எவ்வளவு நாள் வைத்திருப்பார்? பழுது செலவை யார் ஏற்பது? இவற்றை எழுத்தில் வாங்காமல் வாத்தியத்தை இறக்காதீர்கள்.

ஏலம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரபலமான ஒருவர் வாசித்தது, அல்லது மிகக் குறைவாகத் தயாரானது என்று ஆதாரத்தோடு நிரூபிக்க முடிந்தால் மட்டும் யோசிக்கலாம்.

விற்பதற்கு முன் பழுது பார்ப்பதா?

இதில் என் கருத்து தெளிவானது. பாதுகாப்புக்கும், சோதித்துப் பார்ப்பதற்கும் எது தேவையோ அதை மட்டும் செய்யுங்கள். கசியும் பேட்டரியை எடுத்துவிடுங்கள். பவர் சப்ளையைச் சரி செய்யுங்கள். எல்லாக் கட்டையும் பேசும்படி செய்யுங்கள். பளபளப்புக்காகப் பெட்டியை மறுபடி பெயின்ட் அடிப்பது, அசல் குமிழ்களை மாற்றுவது, புதுத் துளை போட்டு மிடி (கணினியோடும் மற்றக் கீபோர்டுகளோடும் இணைக்கும் வசதி) பொருத்துவது எல்லாம் வேண்டாம். பழைய வாத்தியம் தேடுபவர் பழையதைத்தான் தேடுகிறார். ஏற்கெனவே ஏதாவது மாற்றியிருந்தால் கழற்றிய அசல் பாகங்களை ஒரு பையில் போட்டுக் கூடவே கொடுங்கள்.

நன்கொடையும் இரவலும்

பள்ளிக்கோ வழிபாட்டு இடத்துக்கோ கொடுக்க மனம் ஏங்கும். கொடுக்கலாம், ஆனால் பார்த்துக்கொள்ள அங்கே ஒருவர் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். வாங்கிக்கொண்ட உற்சாகம் வடிந்ததும் மூலையில் துணி போர்த்தி வைத்துவிடும் இடங்கள் நிறைய. யமஹா டிஎக்ஸ்7 போன்ற சிந்தசைசரை ஒரு மாணவருக்கே நேரடியாகக் கொடுப்பது எனக்குப் பிடித்த வழி. 1983-இல் வந்து லட்சத்துக்கு மேல் விற்ற மாடல் அது. உறுதியானது, விலை பெரிதாக இல்லை, நினைவக பேட்டரியை மாற்றினால் இன்னும் பல காலம் ஓடும்.

இவ்வளவு அதிகமாக விற்றது என்பதாலேயே அருங்காட்சியகங்கள் டிஎக்ஸ்7-ஐ வேண்டாம் என்று சொல்லக்கூடும். அரிதான மாடல்களில்தான் அவற்றுக்கு ஆர்வம். அங்கே கொடுத்தால் வாத்தியம் காப்பாற்றப்படும், ஆனால் வாசிக்கப்படுமா? சுவிட்சர்லாந்தின் ஃப்ரைபர்கில் உள்ள மின்னணு இசைக்கருவி அருங்காட்சியகம் போல வருபவர்களை வாசிக்க விடும் இடங்கள் உண்டு. கனடாவின் கால்கரியில் உள்ள தேசிய இசை மையமும் தன் பழைய கருவிகளை ஓடும் நிலையில் வைத்து இசைக்கலைஞர்களுக்குத் தருகிறது. கொடுப்பதானால் இப்படிப்பட்ட இடத்துக்குக் கொடுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ரோட்ஸைப் பார்த்தால் எனக்கு மனம் கனத்துவிடும்.

இரவல்தான் மிகவும் ஆசை காட்டும் வழி. உரிமை உங்களிடம், வாத்தியம் ஓர் இளம் கலைஞரிடம், தினமும் வாசிக்கப்படும். இயந்திர வாத்தியங்களுக்கு வாசிக்கப்படுவதே நல்லதும்கூட. ஆனால் பிரிய மனமில்லாததால் இரவல் விடுகிறீர்கள் என்றால் நான் தடுப்பேன். அவர் வீடு மாறுவார், நீங்கள் கேட்கத் தயங்குவீர்கள், ஒரு சுத்தியல் உடைந்தால் செலவு யாருடையது என்று இருவருக்கும் தெரியாது. கடைசியில் உறவும் கெடும். காலம், பழுது, இடமாற்றம், காப்பீடு நான்கையும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் இரவல் அருமையான ஏற்பாடு. எழுதத் தயக்கமாக இருந்தால் குறைந்த விலைக்கு அவருக்கே விற்றுவிடுங்கள். அப்போது அவர் சொந்தப் பொருளாகப் பார்த்துக்கொள்வார்.

பாகம் பாகமாகப் பிரித்து விற்பதை மொத்தமாக ஒதுக்க மாட்டேன். தண்ணீரில் ஊறி, மரமும் போர்டும் போன வாத்தியம் என்றால் அதன் நல்ல டைன்களும் சிப்களும் வேறு பல வாத்தியங்களைப் பேச வைக்கும். கூடுதல் பணத்துக்காக நல்ல வாத்தியத்தைப் பிரிப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

போவதற்கு முன்

‘ஒலியை சாம்பிள் எடுத்து வைத்துக்கொண்டால் போதுமே’ என்று சிலர் சொல்வார்கள். ரோட்ஸில் அது பாதி உண்மை. மெதுவாக அழுத்தினால் மணி போல, ஓங்கி அடித்தால் உறுமல் போலப் பேசும் வாத்தியம் அது. ஒரு கட்டைக்குப் பல அழுத்தங்களில் பதிவு செய்தாலும், விரலுக்கு எதிரே சுத்தியல் தரும் எடை வராது. நினைவுக்காக என்றால் நீங்கள் வழக்கமாக வாசிக்கும் பாட்டுகளை முழுதாகப் பதிவு செய்வதே நல்லது. ஒலி வேண்டும் என்றால் மறுதயாரிப்புகள் இருக்கின்றன. மினிமூக் மாடல் டி 2016-இலும் 2022-இலும் திரும்ப வந்தது, புராஃபெட்-5 2020-இல் வந்தது.

நீங்கள் உருவாக்கிய ஒலிகளையும் மறக்காதீர்கள். டிஎக்ஸ்7-இலிருந்து மிடி வழியாகக் கணினிக்கு எடுத்துவிடலாம். ஜூனோ-106-இல் டேப் வழியாகவும் முடியும். மினிமூகுக்கு நினைவகமே கிடையாது. அதனால் பிடித்த ஒலி ஒவ்வொன்றுக்கும் குமிழ்கள் எங்கே நிற்கின்றன என்று தாளில் குறித்து, ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொண்டு மற்றதை வாங்குபவரிடம் கொடுங்கள்.