“உரோமையோடு இணைந்த” பட்டம்: காசு கட்டமுன் வாசியுங்கோ

“18 மாதத்தில் சமய அறிவியல் இளமாணி. சனிக்கிழமை மட்டும் சூம் வகுப்பு. உரோமையோடு இணைக்கப்பட்டது.” வவுனியா, கிளிநொச்சிப் பக்கத்துக் கத்தோலிக்க மறையாசிரியர்களின் வட்ஸ்அப் குழுக்களுக்கு வருகிற விளம்பரங்கள் இந்தப் பாணிதான். மூலையில் ஒரு ஆயரோடு நின்று எடுத்த படமும் இருக்கும். படம் அனுமதிக் கடிதம் ஆகாது.

முதலில் கணக்கைப் பாருங்கோ. சமய அறிவியல் உயர்கல்வி நிலையங்களுக்குத் திருப்பீடம் (வத்திக்கான்) 2008இல் தந்த அறிவுறுத்தலின்படி இளமாணிக்கு 3 வருடம், 180 கிரெடிட் (படிப்பை அளக்கும் அலகு). சொந்தப் படிப்பையும் சேர்த்து ஒரு கிரெடிட்டுக்குக் குறைந்தது 25 மணித்தியாலம், ஆக 4,500. 18 மாதத்தில் வருவது 78 சனிக்கிழமை. நாலு நாலு மணித்தியாலமாக 312தான். “மீதியை வீட்டில் படிக்கலாம்” என்பார்கள். அப்படியென்றால் மற்ற நாள் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 9 மணித்தியாலம் படிக்கவேணும். வயலும் வேலையும் உள்ள ஆள் எங்கே படிக்கிறது?

அடுத்தது அந்த “இணைப்பு”. திருப்பீடம் நிறுவாத, அங்கீகரிக்காத எந்தப் பல்கலைக்கழகமும் கல்விப் பீடமும் திருச்சபைக்குள் செல்லுபடியாகும் பட்டம் வழங்க முடியாது என்கிறது திருச்சபைச் சட்டம் 817. ஒரு பீடத்தோடு இணைப்புப் பெற்ற நிலையம் இளமாணி மட்டம் வரைதான் போகலாம். அந்தப் பட்டத்தையும் கொடுப்பது பீடமே. இணைப்பைக் காட்டிக் கலாநிதிப் பட்டம் தருகிறோம் என்றால் அந்த இடத்திலேயே போனை வையுங்கோ. மாதிரிச் சான்றிதழைக் கேட்டு, தலைப்பில் எந்தப் பீடத்தின் பெயர் என்று பாருங்கோ. தங்க முத்திரை அச்சகத்திலும் கிடைக்கும்.

அரச பக்கம் வேறு கதை. கம்பனிப் பதிவையோ, மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுப் பதிவையோ காட்டுவார்கள். இரண்டும் பட்டம் வழங்கும் அதிகாரம் அல்ல. அந்த அதிகாரம் உண்டா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்கவேணும், வெளிநாட்டுப் பட்டமானாலும்.

ஏமாந்தவர்களிடம் காசு கறந்த ஒழுங்கும் ஒன்றுதான்: பதிவுக்காசு, தவணைக்காசு, ஒப்படை திருத்தும் காசு, கடைசியில் பட்டமளிப்பு அங்கிக்கு. ஒப்படையில் ஒரு சிவப்புக் கோடும் இருக்காது, ஆனால் ‘ஏ’ வரும். வலயக் கல்விப் பணிமனையில் சான்றிதழை நீட்டிய அன்றுதான் விஷயம் வெளிக்கும்.

கட்டமுன் ஆயர் இல்லத்தில் விசாரியுங்கோ. வவுனியா, மன்னார் மாவட்டத்தார் மன்னார் மறைமாவட்டம். கிளிநொச்சி, முல்லைத்தீவார் யாழ்ப்பாணம். மறைக்கல்வி கற்பிக்க மட்டும் என்றால் பட்டமே தேவைப்படாது, மறைமாவட்டப் பயிற்சியே போதும் என்றும் அங்கே சொல்லக்கூடும். காசு தனியாள் கணக்குக்குப் போகக்கூடாது. நிறுவனப் பெயரில் பற்றுச்சீட்டு வேணும்.

ஏற்கெனவே கட்டியவர்கள் வங்கிச் சிட்டைகளைப் போட்டோக்கொப்பி எடுங்கோ, வெப்பத்தில் அச்சடித்த எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும். வட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கோ. பொலிஸில் முதலில் கேட்பது இந்த இரண்டையும்தான்.