வலது பக்கம் காலி: ஒன்பது வருடத் துணுக்கு நோட்டு

படம், தொடர், காமிக்ஸ், பாட்டு பற்றிக் காதில் விழும் துணுக்குகளை ஒன்பது வருடங்களாக ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வருகிறேன். இடது பக்கம் துணுக்கு, வலது பக்கம் காலி. யாராவது "அது தப்பு" என்றால் திருத்தம் அங்கே போகும். நடுவில் செல்போன் செயலிக்கு மாறிப் பார்த்தேன். அதில் தவறை அழித்துவிட்டுச் சரியானதை எழுதிவிடுகிறோம், நான் ஏமாந்த கதை காணாமல் போய்விடுகிறது. எனக்கு அந்தக் கதைதான் வேண்டும்.

முதல் அடி ஒரு வசனத்தில். 'ஸ்டார் வார்ஸ்' பட வரிசையின் வில்லன் டார்த் வேடர், நாயகனிடம் 'லூக், நான்தான் உன் அப்பா' என்று சொல்வதாக எழுதியிருந்தேன். "நீ படம் பார்த்தியா, இல்ல ஊர் சொன்னதைச் சொல்றியா?" என்றான் நண்பன். இரண்டு முறை பார்த்தவன் நான்! மறுபடி போட்டுப் பார்த்தால், 1980-இல் வந்த 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' படத்தின் அந்த வரியில் லூக் என்ற பெயரே இல்லை. 'இல்லை, நான்தான் உன் அப்பா', அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒவ்வொரு துணுக்குக்கும் பக்கத்தில் 'நேரில்' அல்லது 'செவிவழி' என்று குறிக்கிறேன். புரட்டிப் பார்த்தால் செவிவழிதான் அதிகம், வெட்கமாக இருக்கிறது.

காமிக்ஸில் தேதிதான் தலைவலி. சூப்பர்மேன் அறிமுகமான 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் அட்டையில் ஜூன் 1938 என்று இருக்கும். கடைக்கு வந்ததோ ஏப்ரலில். சீக்கிரம் பழசாகத் தெரியக் கூடாதென்று அட்டையில் பின்னால் வரும் மாதத்தைப் போடுவது அந்தக் கால வழக்கம். இது தெரியாமல் ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டோம், இரண்டு பேர் சொன்னதும் சரி. இப்போது 'அட்டை', 'கடை' என்று பிரித்தே எழுதுகிறேன்.

திருத்தத்தை மார்வெல் காமிக்ஸ் எழுத்தாளர் ஸ்டான் லீ போல வாங்கிக்கொள்ள எனக்கு இன்னும் வரவில்லை. பச்சை ராட்சதன் ஹல்க்காக மாறும் புரூஸ் பேனரை அவர் மறதியில் பாப் பேனர் என்று எழுதிவிட, வாசகர்கள் பிடித்துக்கொண்டார்கள். முழுப்பெயரே ராபர்ட் புரூஸ் பேனர் என்று அறிவித்து முடித்துவிட்டார் மனிதர்.

நோட்டில் அதிகம் கிறுக்கல் விழுந்த பக்கம் நால்வர் இசைக்குழுவான பீட்டில்ஸுடையது. கடைசி ஆல்பம் 'லெட் இட் பி', 1970 என்று எழுதியிருந்தேன். வெளியானதில்தான் அது கடைசி, பெரும்பகுதி 1969 ஜனவரியிலேயே பதிவானது, அதனால் பதிவில் கடைசி 'அபே ரோட்' என்று ஒரு திருத்தம் வந்தது. சரி என்று எழுதி, கீழே கோடும் போட்டேன். அப்புறம் இன்னொருவர் வந்தார்: 'லெட் இட் பி'யில் உள்ள 'ஐ மீ மைன்' பாட்டை 1970 ஜனவரியில்தான் பதிவு செய்தார்கள், அதுவும் நால்வரில் ஒருவரான லெனன் இல்லாமல் மூன்று பேராக. திருத்தத்துக்குத் திருத்தம் எழுத இடமில்லாமல் துண்டுச்சீட்டு ஒட்டியிருக்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. பொருளடக்கம் வைக்காததால் ஒன்றைத் தேட அரை மணி நேரம் ஆகிறது. படம் ஓடும்போதே திருத்தம் சொல்லும் வியாதியும் ஒட்டிக்கொண்டது. வீட்டில் என்னோடு படம் பார்க்க இப்போது யாரும் உட்காருவதில்லை.

இரண்டாவது நோட்டு வாங்கியாயிற்று. கடைசிப் பத்துப் பக்கம் பொருளடக்கத்துக்கு. பீட்டில்ஸை மட்டும் பென்சிலில் எழுதியிருக்கிறேன்.